அப்பாவின் மாத்திரை அட்டை

குடியாத்தத்தில் நாற்பது ஆண்டுகள் கைலி நெய்த என் அப்பாவுக்கு முழங்கால் வலி தறிக்குழியோடு வந்தது; தறியை விட்ட பிறகும் போகவில்லை. வேலூர் ஆற்காடு சாலையில் உள்ள ஒரு மருந்துக் கடையில் மாதம் தவறாமல் அவர் வாங்கிய மாத்திரையில், வலிக்கு இரண்டும் வயிற்றைக் காக்க ஒன்றுமாக மூன்று மருந்துகள் சேர்ந்திருந்தன. 2018 செப்டம்பரில் கடைக்காரர் அந்த அட்டையின் பின்புறத்துப் பொடி எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டி, "இந்தச் சேர்மானத்துக்குத் தடை வந்துவிட்டது, ஐயா" என்றார். "அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி விற்றீர்கள்?" என்று அப்பா கேட்டார். கடைக்காரர் பேசாமல் அட்டையை உள்ளே எடுத்து வைத்தார். அவரைக் கேட்டுப் பயனில்லை. அது அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இப்படி ஒரே மாத்திரையில் பல மருந்துகளைச் சேர்த்த 344 கூட்டு மருந்துகளுக்கு மத்திய அரசு 2016 மார்ச்சிலேயே தடை விதித்திருந்தது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின; அந்த டிசம்பரில் தடை ரத்தானது. பிறகு உச்ச நீதிமன்றம் சொன்னபடி மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் மறுபடி ஆராய்ந்து, 328 மருந்துகளுக்குத் தடை வருவதற்குள் இரண்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன. நீதிமன்றம் போவது எவருக்கும் உள்ள உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. மத்திய ஒப்புதல் பெறாத கூட்டு மருந்துகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகங்கள் உரிமம் கொடுத்துவந்தனவே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் குறையை 2012 மே மாதத்திலேயே நாடாளுமன்ற நிலைக்குழு தன் 59ஆவது அறிக்கையில் எழுதியிருக்கிறது. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை, இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்படாமலேயே 33 புதிய மருந்துகள் அனுமதி பெற்றதாக அது கணக்கிட்டது. என்னை அதிகம் உலுக்கியது வேறொரு பகுதி. வெவ்வேறு ஊர்களில் இருந்த மருத்துவ நிபுணர்கள் புதிய மருந்துக்கு அனுமதி தரலாம் என்று தனித்தனியாக அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பரிந்துரைக் கடிதங்கள், கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தன. பல கருத்துகளை மருந்து நிறுவனங்களே எழுத, நிபுணர்கள் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வர ஆவணச் சான்று இருப்பதாகக் குழு சொன்னது. மருந்துத் தொழிலின் தேவைகளை நிறைவேற்றுவதை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே தன் நோக்கமாக எழுதி வைத்திருந்ததையும் குழு கண்டித்தது. நோயாளியின் நலனுக்கு முதலிடம் தராத அலுவலகத்தில் அந்தக் கடிதங்கள் ஒன்றுபோல் இருப்பது எவர் கண்ணையும் உறுத்தியிருக்காது.

அனுமதியில் மட்டுமல்ல, விற்பனையிலும் இதே கதைதான். மருத்துவர்களுக்குப் பரிசும் சுற்றுலாவும் தருவதை நிறுவனங்களே விரும்பிக் கைவிட வேண்டும் என்ற நடத்தை விதி 2015இல் வந்து, 2024 மார்ச்சில் திருத்தப்பட்டது. திருத்திய பிறகும், விதி மீறல் பற்றிய புகாரை முதலில் விசாரிப்பது மருந்து நிறுவனங்களின் சங்கங்களே அமைக்கும் குழுதான்.