மணக்குடிக் காயலில் வலசைப் பருந்துகள்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் பலரும் சுசீந்திரம் குளத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. தை மாதத்தில் அங்கே இறங்கி நிற்க வேண்டும். சிறகுகளைச் சற்றே மேலே தூக்கிப் பிடித்தபடி, சேற்றுப் பூனைப்பருந்து தாமரை இலைகளை ஒட்டித் தாழப் பறந்து வரும். நாமக்கோழிகள் கோரைக்குள் ஓடி ஒளியும். மத்திய ஆசியாவின் நாணல் காடுகளில் கூடு கட்டும் இனம் இந்தப் பருந்து. மரத்தில் அடையாது, இரவில் கோரை நடுவே தரையில்தான் படுக்கும். அதனால் கோரைக்குத் தீ வைத்தாலோ, வயலில் மண்ணடித்துப் பிளாட் போட்டாலோ முதலில் வீடிழப்பது இந்தப் பருந்துதான். 2022இல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது பெரிய ஆறுதல். ஆனால் பருந்து இரை தேடுவது குளத்தில் மட்டுமல்ல, சுற்றியுள்ள நஞ்சை முழுக்க. அந்த வயல்களும் பிழைக்க வேண்டுமே!

அங்கிருந்து மணக்குடிக்குப் போனேன். பழையாறு கடலில் சேரும் இடம். காயலுக்கு மேல், மீனை வேட்டையாடும் பருந்தான விராலடிப்பான் ஒன்று ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. பிறகு கால்களை முன்னே நீட்டித் தொப்பென்று விழுந்து, ஒரு மடவையோடு எழுந்தது. வெளிவிரலைப் பின்பக்கமாகத் திருப்ப அதனால் முடியும். பாதத்தில் முள் முள்ளாக இருக்கும். வழுக்கும் மீனும் நழுவாது. மீனின் தலையை முன்பக்கம் திருப்பிக்கொண்டே பறந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

தொலைநோக்கியில் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளையம் இல்லை. "கால்ல என்ன மக்களே தேடுக?" என்றார் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர்.

பறவையைப் பிடித்து, எடை போட்டு, சிறகளந்து, எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டி விடுவார்கள் என்று சொன்னேன். சாலிம் அலி 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மூலம் இதைப் பெரிய அளவில் தொடங்கினார். வேட்டைப்பறவை என்றால் முதலில் கால்களைப் பிடிக்க வேண்டும், ஆயுதம் அங்கேதான். தலையைத் துணியால் மூடினால் அடங்கிவிடும். வளையமிட்டவற்றில் மிகச் சிலதான் மறுபடி கண்ணில் படும், அதனால் பார்த்தவர்கள் கழகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றேன்.

"செத்துக் கெடந்தாலும் சொல்லணுமா?"

"கட்டாயம் சொல்லணும் பாட்டா. எண்ணு, எடம், தேதி மூணும் போதும். செத்த பறவையோட வளையத்துலருந்துதான் நெறைய வலசைப் பாதை தெரிஞ்சிருக்கு."

வலையில் சிக்கும் கடற்பறவைக்கும் இது பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும் என்றேன். செல்போனை எடுத்து நீட்டி, அந்த மூன்றையும் அதில் எழுதித் தரச் சொன்னார்.