நிகுஸ்தான்

விக்கிரகம் என்றதும் வேதாகமம் படிக்கிற நமக்கு, இஸ்ரவேலர் வணங்கிய பொன் கன்றுக்குட்டிதான் நினைவுக்கு வரும். யாத்திராகமம் 32-இல், அதைச் செய்துகொடுத்த மோசேயின் அண்ணன் ஆரோன் சொல்லும் சாக்கு எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்: பொன்னை நெருப்பில் போட்டேன், கன்றுக்குட்டி வந்துவிட்டது! ஏதோ தானாகவே நடந்து வெளியே வந்த மாதிரி. இத்தனைக்கும் அந்தக் கூத்துக்கு அவர் வைத்த பெயர் 'கர்த்தருக்குப் பண்டிகை'.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலச் சர்ப்பம். அதைச் செய்யச் சொன்னதே கடவுள்தான். பாம்பு கடித்தவர்கள் அதை ஏறிட்டுப் பார்த்துப் பிழைத்தார்கள் (எண்ணாகமம் 21). பல நூற்றாண்டுகள் கழித்துப் பார்த்தால், ஜனங்கள் அதற்கே தூபம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். அதற்கு நிகுஸ்தான் என்று பெயர், கிட்டத்தட்ட 'வெறும் வெண்கலத் துண்டு' என்ற தொனியில். அன்று அவரை எத்தனை பேர் திட்டியிருப்பார்களோ!

பொருளாசையையும் விக்கிரகாராதனை என்றுதான் அப்போஸ்தலர் பவுல் கொலோசெயர் 3:5-இல் எழுதுகிறார். அது சரி, அதை ஒத்துக்கொள்வது சுலபம். கடவுள் ஒருகாலத்தில் பயன்படுத்திய நல்ல பொருளை விடுவதுதான் கஷ்டம்.

என்னிடம் அம்மாவின் பழைய வேதாகமம் இருக்கிறது. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் மஞ்சளாகி, சங்கீதம் 91 பக்கத்தில் அவர் விரல் பட்ட அழுக்கு. போன மாதம் ஒரு பயணத்துக்கு அதை எடுக்க மறந்துவிட்டேன். அன்று இரவு ஜெபிக்கவே பயமாக இருந்தது. கேட்கப்படாது என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்து, வெறுங்கையோடு, ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். அப்புறம்தான் ஜெபம் வந்தது.