அந்த 85 முறை

தரையிறங்கும்போது ஜன்னலில் இன்னொரு விமானம் தெரிந்தால் எனக்கு வயிறு கலங்கும். வாஷிங்டன் விபத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து அது கூடிவிட்டது.

2025 ஜனவரி 29 இரவு. வாஷிங்டன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் பொடோமாக் ஆற்றின் மேல் மோதி, 67 பேர் இறந்துபோனார்கள். உயரம் ஏறக்குறைய 300 அடிதான். ஹெலிகாப்டர்களுக்கென்று ஒதுக்கியிருந்த அந்தத் தடத்தில் 200 அடியைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய விதி.

மோதலைத் தவிர்க்க விமானங்களில் டிகாஸ் என்ற கருவி இருக்கிறது. "ஏறு", "இறங்கு" என்று அது குரல் கொடுத்தால் விமானி உடனே கேட்டாக வேண்டும். ஆனால் சுமார் 1,000 அடிக்குக் கீழே அந்தக் கட்டளை வராது. தரைக்குப் பக்கத்தில் "இறங்கு" என்றால் எங்கே இறங்குவது? நியாயம்தான். ஆனால் நெரிசலே அங்கேதானே! மிஞ்சுவது தரையிலிருந்து வழிகாட்டும் கண்ட்ரோலரின் குரலும் விமானியின் கண்ணும். மோத வரும் விமானமோ கண்ணாடியில் நகரவே நகராது. ஒரே இடத்தில் நிற்கும் வெளிச்சப் புள்ளி, பின்னால் நகரம் முழுக்க விளக்குகள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

விசாரணையில் வந்த ஒரு கணக்கை மட்டும் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அதே விமான நிலையத்தருகே 85 முறை விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் 1,500 அடிக்கும், உயரத்தில் 200 அடிக்கும் குறைவான இடைவெளியில் கடந்திருக்கின்றன. எல்லாம் பதிவாகியிருந்தது. தடத்தை மூடியதென்னவோ 67 பேர் போன பிறகுதான்.