அத்திவாரம் வெட்ட முன்னர் மாற்றம் கேட்பது: திருகோணமலையில் வீடு எடுத்த அனுபவம்

கேட்டது மூன்றரை அடிக் கதவு. வந்து இறங்கியது மூன்று அடி நிலை. கொந்தராத்துக்காரரின் அலுவலகத்தில் பிளானைத் திருத்தி இரண்டு பக்கமும் கையெழுத்தும் வைத்தாயிற்று. ஆனால் சைற்றில் பாஸின் (மேசன் வேலையை நடத்துகிறவரின்) கையில் இருந்தது பழைய பிரதி. சீமெந்துக் கை பட்டு மடிப்பெல்லாம் கிழிந்த தாள். மூலையில் திகதியும் இல்லை, திருத்த இலக்கமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் மரவேலை செய்யும் ஓடாவிக்கு அளவு கொடுத்திருக்கிறார். அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. புதுப் பிளானை அவரிடம் யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவேயில்லை.

காணியோடு சேர்த்து வீடும் கட்டித் தருகிறோம் என்பவர்களிடம் எடுக்கும்போது, மாற்றம் கேட்பது லேசு. "செய்யலாம், செய்யலாம்" என்றுதான் சொல்லுவார்கள். அந்தச் சொல் சைற் வரைக்கும் போய்ச் சேருவதில்தான் சிக்கல். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிளானில் இலக்கமும் திகதியும் போட வையுங்கள். புதுப் பிரதி சைற்றுக்குப் போகும் நாளில் நீங்களும் போய், பழையதை வாங்கிக் கிழித்துப்போட்டுவிட்டு வாருங்கள். இரண்டு பிரதிகள் சைற்றில் கிடந்தால் பழையதைப் பார்த்துத்தான் வேலை நடக்கும்.

கதவு அளவில் இன்னொரு பொறி இருக்கிறது. "மூன்று அடிக் கதவு" என்றால் நிலையின் வெளி அளவா, உள் அளவா? ஓடாவிமார் பெரும்பாலும் வெளி அளவைத்தான் எடுப்பார்கள். நிலைச் சட்டம் பக்கத்துக்கு மூன்று அங்குலம் என்றால் உள்ளே மிஞ்சுவது இரண்டரை அடி. கதவு முழுதாகத் திறந்து நிற்கும்போது அதன் தடிப்பும் ஒன்றரை அங்குலம் எடுக்கும். சக்கர நாற்காலியின் அகலம் 25 முதல் 27 அங்குலம். அதைத் தள்ளுகிறவரின் கை முட்டி சட்டத்தில் உரசும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் வெளி அளவு மூன்றரை அடி வேண்டும். பிளானில் வெறும் அளவை எழுதாமல் "தெளிவான உள் அகலம் 3 அடி" என்றே எழுதுங்கள்.

எதை எப்போது வரைக்கும் மாற்றலாம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. சுவர்க் கோடு, தூண், குளியலறை இருக்கும் இடம், மலக்குழி எல்லாம் அத்திவாரம் வெட்ட முன்னர் முடிவாக வேண்டும். யன்னல், கதவு அகலங்களை லிண்டல் (அவற்றுக்கு மேலே வரும் கொங்கிறீற் விட்டம்) போடும் வரை மாற்றலாம், ஆனால் நிலைக்கு மரம் அறுத்துவிட்டால் காசு போகும். வயறிங், தண்ணீர்க் குழாய் பூச்சுக்கு முன்னர். இந்தத் திகதிகளை ஒப்பந்தத்தோடு ஒரு தாளாகச் சேர்த்துக் கேளுங்கள். தர மறுத்தால் அதையே எச்சரிக்கையாக எடுங்கள்.

குளியலறையை நகர்த்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. கீழ்த் தளத்தில் 4 அங்குலக் கழிவுக் குழாய் தரைக் கொங்கிறீற்றுக்கு அடியில் போகும். அதற்கு 40க்கு 1 சரிவு வேண்டும். குளியலறையை 20 அடி தள்ளி வைத்தால் குழாயின் முனை இன்னும் 6 அங்குலம் கீழே இறங்கும், மலக்குழியின் வாயும் அத்தனை தாழும். உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்க மணல் காணிகளில் கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் நன்றாக மேலே வந்துவிடும். அப்போது தாழ்ந்த குழியில் நீர் ஊறாது, திரும்பி வரும். கிணற்றின் தூரத்தையும் பாருங்கள். ஊறுகுழி (மலக்குழி நீர் மண்ணுக்குள் ஊறும் குழி) 50 அடிக்குக் கிட்ட வந்தால் சுகாதாரப் பரிசோதகர் விடமாட்டார், பக்கத்துக் காணிக் கிணறும் அந்தக் கணக்கில் சேரும்.

கொமோட்டின் ஓட்டையிலும் இப்படித்தான் மாட்டினோம். தரையால் போகும் கொமோட்டுக்குச் சுவரில் இருந்து ஓட்டையின் நடு வரைக்கும் 12 அங்குலம் என்று கடையில் சொன்னார்கள். பாஸ் சரியாக 12 அங்குலம் வைத்தார், பூசாத கல் சுவரில் இருந்து. பூச்சு ஐந்தெட்டு அங்குலம், தளவோடும் அதன் சாந்தும் இன்னொரு ஐந்தெட்டு. மிஞ்சியது பத்தேமுக்கால். தாங்கி சுவரில் முட்டி, கொமோட் உட்காரவேயில்லை. பத்து அங்குலத்துக்குப் பொருந்தும் வேறு கொமோட் தேடி எடுத்துத்தான் தரையை உடைக்காமல் தப்பினோம். கல் சுவரில் இருந்து அளந்தால் பதின்மூன்றேகால் வைக்க வேண்டும். அதைவிட, கொமோட்டை முதலில் வாங்கி அதன் அளவுத் தாளை பாஸிடம் கொடுப்பது நல்லது.

கட்டட அனுமதி தரும் உள்ளூராட்சிச் சபைக்குப் போனது மூன்று தடவை, அதில் இரண்டு வீண். உள்ளே ஒரு கதவை அகலமாக்குவதற்கோ பிளக் கூட்டுவதற்கோ சபைக்குப் போகத் தேவையில்லை. வெளிச் சுவர் நகர்ந்தால், அறை கூடினால், மலக்குழி இடம் மாறினால் திருத்திய பிளானுக்கு அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் கட்டி முடிந்த பிறகு பிளான்படி கட்டியதற்குச் சபை தரும் இணக்கச் சான்றிதழில் நிற்கும், வங்கி கேட்கும்போது தலையிடி வரும். எங்களுக்கு முதல் பயணம் வீணானது அனுமதிப் பத்திரம் விற்பவரின் பெயரில் இருந்ததால். விண்ணப்பிக்க வேண்டியவர் அவர், அல்லது அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். இதைத் தொலைபேசியில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம், "எல்லாத்தையும் கொண்டு வாங்கோ" என்றதோடு வைத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை, படவரைஞரின் கையெழுத்து ஒரு பிரதியில் மட்டும் பேனையால் இருந்தது, மற்றவை போட்டோக் கொப்பி. தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார் எழுதுவினைஞர். ஒவ்வொரு பிரதியிலும் நேரடிக் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முதல் அனுமதித்த பிளானின் மூலப் பிரதி, அனுமதிப் பத்திரம், சோலைவரி பற்றுச்சீட்டு இவையும் கையில் இருக்கட்டும். தொழினுட்ப உத்தியோகத்தர் வெளிக்களம் போகும் நாட்களைக் கேட்டுவிட்டு, பொதுமக்கள் தினத்தில் போங்கள்.

கடலோரக் காணி என்றால் இன்னொன்று. சராசரி உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே கட்ட கரையோரம் பேணல் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த பிளானில் விறாந்தையைக் கடல் பக்கம் நாலு அடி நீட்டுவோம் என்று நினைத்தால், சபையோடு வேலை முடியாது.

யன்னலில் சிரமமே இருக்கவில்லை, கேட்டபடி செய்து தந்தார்கள். கேட்டது இதுதான்: மேற்குச் சுவரில் இருந்த பெரிய யன்னலைச் சிறிதாக்கி உயர்த்தினோம், மே தொடங்கினால் கச்சான் காற்று அந்தப் பக்கத்தால்தான் அனலாக அடிக்கும். வாடையோடு வரும் மழை வடகிழக்கில் இருந்து சாய்ந்து விழுவதால் அந்தப் பக்கக் கூரைத் தாழ்வாரத்தை 3 அடிக்கு நீட்டக் கேட்டோம். உப்புக்காற்றுக்குப் பிணைச்சல், கொளுக்கி எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு. தூண் கம்பிக்கும் பலகைக்கும் இடையில் 40 மில்லிமீற்றர் கவர் கட்டை. கவர் கட்டையை மட்டும் கொங்கிறீற் போடும் நாளில் நின்று பாருங்கள். கல் துண்டைச் செருகிவிட்டுப் போவார்கள், அது சரிந்தால் கம்பி பலகையில் ஒட்டிக்கொள்ளும், சில வருடத்தில் தூண் வெடிக்கும்.

வயறிங்கில் "பிளக் பொயின்ற் கூட்டித் தாங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏசிக்கு டி.பி. பெட்டியில் (மின்சாரம் பிரியும் பெட்டியில்) இருந்து தனி வயர், 7/0.85, அதாவது 0.85 மில்லிமீற்றர் இழை ஏழு. 13 அம்பியர் பிளக்குகளுக்கு 7/0.67. பெட்டியில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச். வயரின் இலக்கத்தைத் தாளில் எழுதாவிட்டால் மெல்லியது வரும். ஏசியின் தண்ணீர் வடியும் குழாய்க்கும் பூச்சுக்கு முன்னர் சுவரில் சரிவோடு வழி விடச் சொல்லுங்கள், பலர் மறந்து பிறகு சுவரைக் கொத்துகிறார்கள்.

காசுக் கணக்கில் ஏமாந்தது கழித்துத் தர வேண்டிய தொகையில். ஒரு கதவை எடுத்துவிட்டுச் சுவராக்கச் சொன்னோம். கல், சாந்து, பூச்சு என்று கூடுதல் வேலைப் பட்டியல் வந்தது. எடுத்த கதவு, நிலை, பூட்டு, பிணைச்சல், வார்னிஷ் ஒன்றையும் கழிக்கவில்லை. ஒப்பந்தத்தோடு வரும் பி.ஓ.கியூ. என்ற அளவு, விலைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கிறது, அந்த வரிகளைக் காட்டிக் கேட்டபோது மறுப்பில்லாமல் கழித்தார்கள். கேட்காவிட்டால் அப்படியே போயிருக்கும். கூடுவதையும் குறைவதையும் ஒரே தாளில் எழுதி, வேலை தொடங்க முன்னர் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும், கூடுதல் வேலைக்கு வங்கி தராது. அந்தக் காசு கையில் இருக்க வேண்டும்.

பூச்சுக்கு முதல் நாள் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா பிடித்துப் படம் எடுத்தோம். குசினிச் சுவரில் அலுமாரி அடிக்கத் துளை போடும்போது தண்ணீர்க் குழாய் மூன்று அங்குலம் தள்ளிப் போவது அந்தப் படத்தில்தான் தெரிந்தது.