பார் குறுக்கே நிற்காத சைக்கிள்

68 வயதில் மறுபடியும் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இந்த மேட்டில் எதற்கப்பா என்று மகள் கேட்டாள். கிரகரி வாவிப் பக்கம் காலையில் ஓட்டத்தானம்மா.

பழைய ராலே கம்பனி சைக்கிள். சீட்டுக்கு முன்னால் குறுக்கே பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தான். ஆம்பிளை இதில் போவதா என்பவர்கள் சொல்லட்டும். இடுப்பு பிடிக்கும் வயதில் காலைப் பின்னால் வீசி ஏறுவதில்தான் விழுகிறோம். இதில் ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் அப்படியே காலூன்றி நின்றுவிடலாம்.

வாங்கும் முன் தூக்கிப் பாருங்கள். 'ரோட்ஸ்டர்' என்கிற பழைய இரும்புச் சைக்கிள் 18, 20 கிலோ வரும். இது 14 கிலோ. வீட்டுப் படிகளில் நானே தூக்கி வருகிறேன். மெல்லிய இரட்டைக் குழாய் ஹேண்டில் பக்கமிருந்து பின் அச்சு வரை போகும் 'மிக்ஸ்ட்' சட்டகம் என்பதால் இறக்கத்தில் ஆட்டமும் குறைவு.

ரிம்மை மறக்காதீர்கள். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. நம் ஊரில் மழை இல்லாத மாதம் எது? அலுமினிய ரிம்தான் சரி.

கியர், பின் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். சைக்கிள் நின்றிருக்கும்போதே மாற்றலாம். முதல் கியர் நடுக் கியரைவிட 25 சதவீதம் இலகு. அது நம் மேட்டுக்குப் போதாது, அதனால் பின் பல்சக்கரத்தை 18 பல்லிலிருந்து 22 ஆக்கினேன். முழங்கால் இப்போது முனகுவதில்லை.

நாளை மழை விட்டால் ஆறு மணிக்கு வாவிக்கரையில் இருப்பேன். வருகிறவர்கள் வாங்க.