சீரகமும் கீரையும்

7.3.2025, வெள்ளி

சீரகம் வாங்கி வரச் சொன்னாளாம் வீட்டுக்காரி. நான் கீரைக்கட்டோடு போய் நின்றேன். "ஏனுங்க, மொதல்ல காதைக் காட்டிட்டு வாங்க" என்று ஒரே பிடி. எனக்குச் சத்தமெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது, இந்தக் காலத்தில் எல்லாரும் முழுங்கி முழுங்கிப் பேசுகிறார்கள். சரி, போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, கொஞ்சம் குரும்பி இருந்ததை எடுத்துவிட்டார். திங்கட்கிழமை ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை. அதற்கு முன் 16 மணி நேரமாவது தறிப் பக்கம் போகக்கூடாதாம். சத்தத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்தால் காது உள்ளதைவிட மந்தமாகக் காட்டுமாம். 26 வருசம் விசைத்தறியோடு கிடப்பவனுக்கு இது ஒரு லீவு.

10.3.2025, திங்கள்

சத்தம் புகாத சின்ன அறை. கதவைச் சாத்தியதும் என் காதுக்குள்ளேயே ஒரு 'ஙொய்ங்'. ஹெட்போனை மாட்டி, கையில் பட்டன் கொடுத்தார்கள். எவ்வளவு சன்னமாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸில் தொடங்கினார்கள் (ஹெர்ட்ஸ் கூடக் கூடச் சத்தம் கீச்சென்று ஆகும்). அமுக்கினால் சத்தத்தை 10 டெசிபல் இறக்குவார்கள், அமுக்காவிட்டால் 5 ஏற்றுவார்கள். பரீட்சை புத்தி போகுமா? அடுத்தது எப்போது வரும் என்று கணக்குப் போட்டுச் சும்மாவே இரண்டு தரம் அமுக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண் சிரித்துவிட்டார். "ஐயா, இதுல பாஸ் ஃபெயில் இல்லைங்க." அப்புறம் இடைவெளியை மாற்றி மாற்றி விட்டார். கீச்சுச் சத்தங்கள் வந்தபோது மெஷின் எது, என் ஙொய்ங் எது என்றே பிரியவில்லை. சொன்னதும், விட்டுவிட்டு ஒலிக்கும்படி மாற்றிக் கொடுத்தார்.

பிறகு எலும்பு வழியாகச் சத்தத்தை அனுப்ப, காதுக்குப் பின் எலும்பில் ஒரு சின்ன வில்லை. மறுகாது ஒட்டுக் கேட்காமலிருக்க அதில் மழை போல இரைச்சல். கடைசியாக, வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கேதான் மாட்டினேன்.

12.3.2025, புதன்

சோதனை முடிவை ஒரு கட்டத்தாளில் கோடாகப் போட்டுக் கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. டெசிபல் எண் கூடினால் கோடு கீழே இறங்கும், காது மந்தம் என்று அர்த்தம். 1000 வரை 15, 20 டெசிபல், பழுதில்லை. 4000-இல் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி 55, 60. 8000-இல் மறுபடி ஏறி 35. இந்தப் பள்ளம் இரைச்சலில் உழைத்த காதின் அடையாளமாம். எலும்பு வழியாகவும் அதே அளவுதான் என்பதால் பழுது உள்காதில். உயிரெழுத்து தாழ்ந்த ஒலியில் கேட்டுவிடுகிறது, 'ச' மாதிரி மெய்கள் கீச்சு ஒலியில் இருப்பதால் நழுவிவிடுகின்றன. சீரகம் கீரையானது அப்படித்தான்.

தறியில் நிற்கும் நாலு பேருக்கும் காதடைப்பான் வாங்கிப் போனேன். "தறி சத்தம் மாறுனா எப்படிங்க தெரியும்?" என்றான் ஒருவன். நானும் அதைத்தான் 26 வருசமாகச் சொல்லி வந்தேன்.