நேபாளத்துக்கு இரண்டாவது வழி

2015 செப்டம்பரில் நேபாளத்தின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த கையோடு இந்திய எல்லையில் சரக்குப் போக்குவரத்து முடங்கி, இந்திய எல்லை நகரான ரக்சௌல் பக்கம் லாரிகள் மாதக்கணக்கில் தேங்கி நிற்க, எரிவாயு கிடைக்காத காத்மாண்டு வீடுகளில் விறகடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த நிலநடுக்கம் சீனா பக்கமிருந்த தாதோபானி சாலையை ஏற்கெனவே சிதைத்திருந்ததால், அவர்களுக்கு மாற்று வழி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

ஒரே அண்டை நாட்டை நம்பியிருக்கும் ஆபத்தை அந்தக் குளிர்காலம் உணர்த்தியது. 2016இல் சீனாவுடன் போக்குவரத்து உடன்பாடும், 2019இல் தியான்ஜின் உள்ளிட்ட நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தும் நெறிமுறையும் கையெழுத்தாயின. ஆனால் கொல்கத்தா துறைமுகம் நேபாள எல்லை நகரான பீர்கஞ்சிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர்தான். தியான்ஜினோ திபெத்தைக் கடந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கப்பலில் மலிவாக வரும் சரக்கு இவ்வளவு தூரம் தரைவழியே ஏறி இறங்கினால், அந்தச் செலவை கடைசியில் பொருளை வாங்குபவர்தான் சுமக்க வேண்டும். போதாக்குறைக்கு, 2025 ஜூலை வெள்ளம் சீன எல்லையிலுள்ள ரசுவாகடியின் நட்புப் பாலத்தையே அடித்துச் சென்றுவிட்டது.

ஆகவே வடக்குச் சாலை பேரம் பேச உதவுமே தவிர, கொல்கத்தாவுக்கு ஈடாகாது என்பதே என் உறுதியான கருத்து. இறக்குமதித் தேவையையே குறைப்பதுதான் கூடுதல் பலன் தரும் என்று நினைக்கிறேன். நேபாளம் தன் ஆறுகளிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் இன்று ஆயிரக்கணக்கான மின்கார்கள் ஓடுகின்றன. அவற்றுக்கு எந்த எல்லையிலும் டேங்கர் லாரிக்காகக் காத்திருக்கும் அவசியமில்லை.